ஐந்தாவது இடத்துக்கு வந்தவர்

பணி ஓய்வு பெற்ற மறு வருஷம் டெல்லியில் இருக்கும் போலியோ ஒழிப்புத் திட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ராயபுரம், வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்குமான வட்டாரத்தில் போலியோ ஒழிப்பு வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும், ஆட்களைத் தேடிப் பிடித்துத் தருவதோடு குழுவின் அறிக்கையை எழுதும் பொறுப்பையும் நீங்கள் ஏற்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருஷம் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே வீடு கட்டிக்கொண்டவள். என்னை விட்டால் வேறு யாரைக் கேட்பார்கள் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். கடிதத்தில் ‘சார்பற்ற வல்லுநர்கள்’ என்ற சொற்களுக்குக் கீழே இரண்டு இடத்தில் கோடு போட்டிருந்தது.

போலியோதான் ஒழிந்துபோயிற்றே, இன்னும் என்ன மேற்பார்வை என்று அப்போது என்னைக் கேட்காத ஆள் இல்லை. என் தம்பிகூடக் கேட்டான். நம் நாட்டில் ஒழிந்தது, உலகத்தில் ஒழியவில்லை. எங்கள் பக்கம் துறைமுகம் இருக்கிறது, ரயில் வந்து நிற்கிறது, எங்கெங்கிருந்தோ வேலை தேடி வருகிறார்கள். கிருமி ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். ஆனால் மலத்தோடு கிருமி வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் சாக்கடையைச் சோதிக்கிறார்கள். கழிவுநீர் வந்து சேரும் பம்பிங் ஸ்டேஷனில் காலை வேளையில் ஒரு பாட்டில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதில் கிருமி இல்லை என்றால், அந்த ஸ்டேஷனுக்குத் தண்ணீர் வரும் வீடுகளில் இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். எந்தெந்த வீட்டுத் தண்ணீர் அங்கே வருகிறது என்பது மட்டும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் யார் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்பதற்கு ஒரு படிவம் தேவைப்பட்டது. அதை நானே தயாரித்தேன். மொத்தம் பதினோரு கேள்விகள். இந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறீர்களா, உங்கள் வீட்டில் யாராவது வாங்குகிறார்களா, இது சம்பந்தப்பட்ட எந்த வேலையிலாவது ஒப்பந்தம் எடுத்தவரிடம் வேலை பார்க்கிறீர்களா என்று ஒரு சந்து விடாமல் அடைத்திருந்தேன். ஒரே ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று வந்தாலும் ஆள் வெளியே. ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறவள் என்பதால் அந்தப் படிவத்தை நான் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

நான்கு பேர் சீக்கிரமே கிடைத்தார்கள். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர், சம்மதம் சொல்வதற்கு முன் கூட்டம் நடக்கும் இடத்தில் கார் நிறுத்த வசதி உண்டா என்று கேட்டார். புள்ளியியல் படித்த அம்மையார் ஒருவர், எண்ணூர்ப் புகைக்குத் தனக்கு மூச்சு வாங்கும், ஆகவே தாள்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். கிருமியையே ஆயுசு பூராவும் ஆராய்ந்த ஒருவரும், பொது சுகாதாரம் படித்த ஒருவரும் வந்தார்கள். நால்வரும் நல்லவர்கள், படித்தவர்கள், நேர்மையானவர்கள். நால்வரில் ஒருவருக்கும் வியாசர்பாடிக்கு எந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டும் என்று தெரியாது. அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை. தூரத்தில் இருப்பதுதான் சார்பில்லாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது இடம் சாக்கடை தெரிந்தவருக்கு. அந்த ஆள் எங்கே கிடைப்பார் என்று தெரியாமல், பாட்டில் எடுப்பதையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் காலை பம்பிங் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில்வே யார்டை ஒட்டி, பச்சைக் கதவு போட்ட இடம். உள்ளே பெரிய கிணறு. நாலாபக்கத்துக் கழிவுநீரும் அதில்தான் வந்து விழும். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். பாட்டில் எடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்க, ஸ்டேஷன் ஆபரேட்டர் கயிறு கட்டிய வாளியைக் கையில் பிடித்தபடி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு என்று பிறகு தெரிந்தது.

“இரு நைனா, இப்ப புடிக்காத. இது கறிக்கட, மீன்கட கழுவுன தண்ணி. வூட்டுத் தண்ணி இன்னும் பத்து நிமிசத்துல வரும்” என்றார் பணியாளரிடம்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். நிறத்தைக் காட்டினார். சோப்பு நுரை முதலில் வரும், அது பக்கத்துத் தெருக்கள். கொஞ்சம் தாமதமாக வருவது தூரத்துத் தெருக்கள். தெருப் பெயர்களை வரிசையாகச் சொன்னார். எந்தத் தெருவில் எந்த மூடியைத் திறந்தால் எத்தனை அடி ஆழம், எந்த லைன் எந்த வருஷ மழையில் உட்கார்ந்தது என்று வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். முப்பத்தைந்து வருஷம் அந்தக் கிணற்றோடு இருந்தவர். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இவரைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன். நான்தான் அவரைக் கேட்டேன், அவராக வந்து கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும்.

“நானா மேடம்? டாக்டருங்கோ குந்தற எடத்துலயா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “வர்றேன். அங்க ஒண்ணு சொல்ல வேண்டியது கீது” என்றார்.

என்ன என்று அப்போதே கேட்டிருக்கலாம். நாற்றம் தாங்கவில்லை, ஆட்டோ வெளியே நின்றுகொண்டிருந்தது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு படிவத்தை நிரப்பி அனுப்பினார். பதினோரு கேள்விக்கும் ‘இல்லை’. அழகான கையெழுத்து. கல்வித் தகுதி என்ற இடத்தில் ஐடிஐ என்று எழுதியிருந்தார்.

நேர்காணல் என்று சொல்லக்கூடாது, கலந்துரையாடல் என்று சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், நான். அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. இருக்கிறாளே இவள், மொழிபெயர்த்துவிடுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், காலில் ரப்பர் செருப்பு. மழித்த முகம். ஆபரேட்டர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அதிகாரி ஆங்கிலத்தில், இந்த வட்டாரத்தில் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“மேடம், இன்னா மேட்டருன்னா, உங்க மேப்புல வியாசர்பாடி பக்கத்துல அந்த ஹவுசிங் போர்டு வூடுங்கோ மொத்தமும் நம்ப ஸ்டேசனுக்கு வர்ற மாதிரி போட்டுக் கீது. அது அந்தக் காலம். போன மழைக்கு முந்தின மழைல அந்த மெயின் லைனு உள்வாங்கிச்சு. ஒரு லாரியே எறங்கிச்சு. அப்பால டெம்பரரின்னு சொல்லி ஒரு மோட்டாரு வச்சு, ஓஸ் போட்டு, அத்தினி தண்ணியும் கால்வாயாண்ட தள்ளிகினு கீறாங்க. டெம்பரரின்றதால யாரும் மேப்புல ஏத்தல. அந்த ஜனங்க வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு நம்ப கெணத்துக்கு வர்ல மேடம். அங்கதான் கொயந்தைங்க ஜாஸ்தி. வடக்கேந்து வேலைக்கு வந்தவங்களும் அங்கதான் குடியிருந்துகினு கீறாங்க. நீங்க எங்களாண்ட வந்து பாட்டில் புடிச்சுகினு, அங்க ஒண்ணும் இல்லன்னு எழுதிகினு கீறீங்க. அது தப்பு. பாட்டில ரெண்டு எடத்துல புடிக்கணும். ஸ்டேசன்ல ஒண்ணு, அந்த மோட்டாராண்ட ஒண்ணு. இத்த சொல்லத்தான் வந்தேன்.”

ஐந்து நிமிடம் பேசியிருப்பார். கையால் மேஜை மேல் லைனைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. நான் பேசி வளர்ந்த பேச்சு அது. என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எங்கள் வீட்டில் அப்படித்தான் பேசினோம். கல்லூரிக்குப் போன முதல் வருஷம் நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினேன். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நான் மயிலாப்பூர்க்காரி என்று எண்ணம். அந்த எண்ணத்தை நான் மாற்றவில்லை.

டெல்லி அதிகாரியின் பார்வை அவருடைய ரப்பர் செருப்பில் இருந்தது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. கெட்ட சிரிப்புகூட இல்லை, பொறுமையான சிரிப்பு. அவருக்கு மொழி தெரியாவிட்டாலும், அந்த ஏற்ற இறக்கம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. இவரைக் கூட்டி வந்தவள் நான். இவர் பேசுவது என் வீட்டுப் பேச்சு. இந்த அறையில் யாரும் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாது.

“என்ன சொல்கிறார்?” என்று அதிகாரி கேட்டார்.

“இவருக்கு நீண்ட கள அனுபவம் உண்டு. குழாய்களில் அவ்வப்போது மாற்றங்கள் வரும், கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதிகாரி தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார். ஹைதராபாத் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இதையெல்லாம் பிறகு நானே நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று அந்த நிமிடத்தில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் வட்டாரம் பூராவும் பாட்டில் எடுக்கும் இடங்களை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். நான் எழுதத் தொடங்கியிருந்த அறிக்கை அந்தரத்தில் நின்றுவிடும். எல்லாவற்றையும்விட, ஒரு ஐடிஐ ஆள் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என்று ஆகிவிடும்.

ஆபரேட்டர் எழுந்து போகும்போது கதவருகே நின்று கேட்டார்.

“சொல்லிட்டீங்கல்ல மேடம்?”

“சொல்லிட்டேன்” என்றேன்.

ஐந்தாவது இடம் தென்சென்னைப் பக்கம் ஒரு பெரிய கல்லூரியின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியருக்குப் போயிற்று. தங்கமான மனிதர். இரண்டு கூட்டத்துக்கு வந்தார், நான் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து நல்ல வரைபடம் என்றார். வருஷக் கடைசியில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட அறிக்கை போயிற்று. ‘மாதிரி எடுக்கப்படும் இடம் இப்பகுதி மக்கள் அனைவரையும் பிரதிபலிக்கிறது’ என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அதை எழுதியவள் நான். எழுதும்போது ஆபரேட்டர் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். அதற்கு அடுத்த வருஷ அறிக்கையிலும் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் வந்த சொட்டு மருந்து ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் முதல் பூசையை முடித்துக்கொண்டு வியாசர்பாடிப் பக்கம் போனேன். முகாம்களைச் சுற்றிப் பார்ப்பது என் வேலை இல்லை, ஆசை. பால்வாடிக்கு முன்னால் மேஜை போட்டு, வெள்ளைப் புடவை கட்டிய செவிலியர் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். விட்டு முடித்ததும் இடது சுண்டுவிரல் நகத்தில் கறுப்பு மை. அழுத குழந்தைகள்கூட மை வைத்ததும் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போயின. இரண்டு வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள்.

“அதான் போலியோ இல்லன்றாங்களே, அப்பால எதுக்கு மேடம் வருசா வருசம் இஸ்துகினு வந்து குடுக்க சொல்றீங்க?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். வகுப்பில் சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில். வெளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதனால் சொட்டு மருந்தும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும் என்றேன். “நீங்க பயப்பட வேண்டாம்மா. உங்க வீட்டுச் சாக்கடைத் தண்ணியை எடுத்து மாசா மாசம் சோதிச்சுப் பாக்கறோம். அதுல ஒண்ணும் இல்ல” என்றேன்.

“எங்க தண்ணியவா? எங்கேந்து எடுக்குறீங்கோ?”

பம்பிங் ஸ்டேஷன் பெயரைச் சொன்னேன்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கட்டடங்களுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். “எங்க தண்ணி அங்க எங்க போவுது? அதோ பாருங்க, மோட்டாரு. கால்வாய்க்குல்ல போய்கினு கீது. லாரி உள்ள பூந்துச்சே, அதுலேந்து அப்டிதான். ராவும் பகலும் அந்த சத்தம், கொயந்த தூங்க மாட்டேன்றா.”

போய்ப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே மோட்டார். தொடை கனத்துக்கு ஒரு ஓஸ், வெயிலில் வெளுத்து, ஒட்டுப் போட்டு, மறுபடி ஒட்டுப் போட்டு, மதில் மேலேறி அந்தப் பக்கம் இறங்கியது. நான்கு மழையைப் பார்த்துவிட்ட ஓஸ் அது. பள்ளம் விழுந்த இடத்தில் மண் கொட்டி மூடி, அதன் மேல் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள். அவர் மேஜை மேல் விரலால் போட்டுக் காட்டியது அப்படியே இருந்தது. சற்று முன் அந்தப் பெண்ணிடம் ‘அதுல ஒண்ணும் இல்ல’ என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். போய்க் கூப்பிட்டு, நான் சொன்னது பொய்யம்மா என்று சொல்லவில்லை. அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளே அவர் வீட்டைத் தேடிப் போனேன். கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஒரே அறை. அவர் மனைவி கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, “யாரோ டீச்சரம்மா வந்துக் கீறாங்க” என்றார். அவர் பனியனோடு இருந்தவர், அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு ஆட்டோவில் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் முழுவதும் மொழிபெயர்க்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைக் காட்டினார்.

“தெரியும் மேடம். எனக்கு இங்கிலீசு பேசத்தான் வராது, காதுமா கேக்காது? நான் அம்மாம் நேரம் பேசுனேன், நீங்க ஒரே லைன்ல முடிச்சிட்டீங்க. கால்வாய்னு ஒரு வார்த்த வர்ல. மோட்டாருன்னு ஒரு வார்த்த வர்ல. அதுக்குத்தான் வாசல்ல நின்னுகினு கேட்டேன்.”

கதவருகே நின்று கேட்டதை நான் சந்தேகமாக நினைக்கவே இல்லை, மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். கதவு திறந்திருந்தது, இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.

“நீங்க நம்ப ராயபுரந்தான மேடம்? உங்க நைனா கிரேன்ல இருந்தாருல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதான் உங்களுக்குப் புரியும்னு தைரியமா பேசுனேன்” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முந்தின நாள் அந்த மோட்டாரைப் போய்ப் பார்த்ததையும் நான் வந்த காரியத்தையும் சொன்னேன். பேராசிரியர் வெளிநாடு போய்விட்டார், ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது, இப்போது நீங்கள் வர வேண்டும், இந்த முறை நான் ஒரு வார்த்தைகூட விடமாட்டேன் என்றேன். பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். முதல் ஐந்து கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினார். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. இது சம்பந்தப்பட்ட எந்த வேலையிலாவது ஒப்பந்தம் எடுத்தவரிடம் வேலை பார்க்கிறீர்களா என்ற கேள்வி.

‘ஆம்’ என்று எழுதினார்.

“வூட்ல சொம்மா குந்திகினு இருக்க முடில மேடம். நீங்க கூப்புடுவீங்கன்னு ஒரு வருசம் பாத்தேன். அப்பால ஒரு கான்ட்ராக்டரு வந்து கேட்டாரு, மோட்டாருங்கள பாத்துக்க ஆளு வேணும்னு. நேத்து நீங்க பாத்தீங்களே, அந்த மோட்டாரும் நம்ப கைலதான் கீது. அதுக்கு மாசத்துக்கு ரெண்டு தபா ஆயில் மாத்துறது நான்தான்.”

அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம், படிவம் நான் தயாரித்தது, நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். குரல் கெஞ்சலாக வந்தது. அவர் படிவத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

“வேணாம் மேடம். அந்தக் கேள்வி கரெக்டான கேள்வி. அந்த மோட்டாரு ஓடுனாதான் எனக்கு வேல. நானே குழுவுல குந்திகினு அந்த மோட்டார பத்தி ஞாயம் சொன்னா எவன் நம்புவான்? அன்னிக்கு நான் யாரு ஆளும் இல்ல. இன்னிக்கு ஒருத்தரு ஆளு.”

மடித்த படிவத்தைப் பையில் வைத்தேன். அவர் விடவில்லை. அன்றைக்குச் சொன்ன அதே ஐந்து நிமிடத்தை இன்னொரு தடவை சொல்லட்டுமா, எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த மூடிக்கும் எந்த மூடிக்கும் நடுவில் லைன் உட்கார்ந்தது, எத்தனை பிளாக்குகளின் தண்ணீர் அந்த மோட்டாருக்கு வருகிறது, அங்கே எந்த நேரத்தில் பாட்டில் பிடித்தால் வீட்டுத் தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாம் சொன்னார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக எழுதி, திரும்ப அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் திருத்தினார். நான் ‘சுமார்’ என்று எழுதியிருந்தேன். “சுமாரு இல்ல மேடம், எண்ணிப் பாத்துதான் சொல்றேன்” என்றார்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எம் பேர மட்டும் போடாதீங்க. கான்ட்ராக்டரு காதுல உயுந்துச்சுன்னா பேஜாரு. பொண்ணு கல்யாணம் பேசிகினு கீறோம்.”

போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, டெல்லிக்குக் கடிதம் அனுப்பினேன். இரண்டு வருஷ அறிக்கையிலும் அந்த ஒரு வாக்கியம் தவறு, அதை எழுதியது நான், குழுவினர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். திட்டு விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது இடத்திலும் பாட்டில் எடுக்க உத்தரவு வந்தது. அதற்கான தாளை நான்தான் நிரப்பினேன். ‘இந்த இடத்தின் முந்தைய முடிவுகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான்கு மழைக்காலத் தண்ணீர் யாரும் பார்க்காமலே கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. அதில் கிருமி இருந்ததா இல்லையா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. இருந்திருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் தெரியாது. கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

அதற்கு அடுத்து, ‘இடத்தைக் கண்டறிந்தவர்’ என்று இன்னொரு கட்டம். காலியாக விட்டால் தாள் திரும்பி வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வேறு வழி தெரியாமல் என் பெயரை எழுதினேன்.

அந்த வருஷக் கூட்டத்தில் அதே டெல்லி அதிகாரி எழுந்து நின்று, உள்ளூர் அறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த அம்மையாரே சாட்சி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். புள்ளியியல் அம்மையார், புகையையும் பொருட்படுத்தாமல் வந்திருந்தவர், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன், ஆனால் ஆபரேட்டருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. முதல் தடவை அவர் பேச்சை விட்டுவிட்டு ஆளைக் காட்டினேன். இரண்டாவது தடவை ஆளை மறைத்துவிட்டுப் பேச்சை என்னுடையதாக ஆக்கிக்கொண்டேன். முதலாவது என் வெட்கத்தால் வந்தது, இரண்டாவது அந்த வெட்கத்துக்கு வந்த தண்டனை. ஆனால் அதிலும் நஷ்டம் அவருக்குத்தான்.

இப்போதும் மாதம் ஒரு காலை அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் பாட்டில் எடுக்கிறார்கள். சில சமயம் நான் போய் நிற்பதுண்டு, கைக்குட்டை இல்லாமல். அவர் கான்ட்ராக்டரின் நீலச் சட்டையில் ஓரமாக நின்று, “இரு நைனா, இன்னும் பத்து நிமிசம்” என்று பணியாளரிடம் சொல்வார். என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரி இருப்பார், நானும் அப்படியே இருப்பேன். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. இதை எழுதும்போதும் நான் அவர் பெயரைப் போடவில்லை.